குசினிக்குள் ஒரு மேசை

கல்லடியில் எங்கட குசினி 10க்கு 12 அடிதான். அதற்குள்ளேயே லப்டொப் வைத்து வேலை செய்யவும் இடம் வேணுமென்று நின்றேன். விட்ட பிழை, 34 அங்குலச் சமையல் திட்டையே நீட்டி மேசையாக்கியது. ஒரு கிழமையில் தோள் இரண்டும் பிடித்துக்கொண்டது. கதிரையில் இருந்து தட்டச்ச 29 அங்குலம் போதும்; மேசனைக் கூப்பிட்டு அந்தத் துண்டை உடைத்து இறக்கினோம்.

அடியில் அடித்த எம்டிஎஃப் (மரநாரை அமுக்கிச் செய்யும்) பலகை, மார்கழி மழை ஈரத்துக்குத் தேத்தண்ணியில் தோய்த்த பாண் மாதிரி ஊதி, லாச்சி இழுபடவேயில்லை. கழற்றிவிட்டுத் தேக்குப் போட்டேன். காசுதான், என்ன செய்ய? பிளக்கையும் தண்ணிக் குழாயடியிலிருந்து ஜன்னல் பக்கம் மாற்றினோம்.

திட்டையில் இப்போது அடுப்பைத் தவிர ஒன்றுமில்லை. அம்மாவின் தேங்காய்த் திருவலை மட்டும் அசையாது. மேசைக்குக் கீழே, என் காலடியில்.