ரீஜண்ட்ஸ் கால்வாய்: கேம்டனிலிருந்து மேற்கே ஒரு காலை நடை

லண்டனின் ரீஜண்ட்ஸ் கால்வாய் முழுவதும் திறக்கப்பட்டது 1820-இல். முதன்முறை நடப்பவர்களுக்கு கேம்டன் லாக்குக்கும் லிட்டில் வெனிஸுக்கும் இடைப்பட்ட சுமார் 4 கி.மீ. போதும். பலரும் லிட்டில் வெனிஸில் தொடங்குவார்கள். பறவை பார்க்கப் போகிறவர்கள் கேம்டனில் தொடங்குவதே நல்லது. காலையில் கிழக்கு நோக்கி நடந்தால் வெயில் நேரே முகத்தில் அடிக்கும், பறவைகள் வெறும் கருநிழலாகத்தான் தெரியும்.

8 மணிக்குள் இறங்கிவிடுங்கள். அதற்குப் பிறகு இந்தக் குறுகிய பாதையில் சைக்கிள்கள் பெருகிவிடும். 8x32 பைனாகுலர் (8 மடங்கு பெரிதாக்கும், 32 மி.மீ. லென்ஸ்) போதும். ஹெட்போன் வேண்டாம்: சைக்கிள் மணி கேட்காது, சிறுநீல மீன்கொத்தியின் கூரிய 'ச்சீ' விசிலும் கேட்காது. அந்தக் குரல் கேட்டதுமே நீர்மட்டத்தை ஒட்டிப் பாருங்கள்; மேலே தேடினால் அது கடந்து போயிருக்கும்.

கேம்டனில் இரண்டு லாக்குகள் (படகை ஏற்றி இறக்கும் கதவு வைத்த நீர்த்தொட்டிகள்) பக்கம் பக்கமாக ஜோடியாக இருக்கின்றன. இந்தக் கால்வாயின் மற்ற இடங்களில் ஜோடியில் ஒன்றை அடைத்து, நீர் வழிந்தோடும் தடுப்பணையாக மாற்றிவிட்டார்கள். பக்கத்திலுள்ள இரும்புப் பாலம், படகை இழுத்த குதிரை மறுகரைக்கு மாறுவதற்காகக் கட்டியது. மதகில் நீர் விழும் இடத்தைக் கவனியுங்கள். வாலை ஆட்டிக்கொண்டே நிற்கும், வாலடி மஞ்சளான சாம்பல் வாலாட்டிக்கு அப்படிப்பட்ட இடம்தான் பிடிக்கும்.

ரீஜண்ட்ஸ் பூங்காவை ஒட்டி வரும் மாக்கிள்ஸ்ஃபீல்டு பாலத்தில் அவசரப்படாதீர்கள். 1874 அக்டோபரில் வெடிமருந்து ஏற்றிய 'டில்பரி' படகு இங்கே வெடித்துப் பாலம் தகர்ந்தது. இரும்புத் தூண்கள் தப்பின. அவற்றைப் பக்கம் மாற்றித் திருப்பி நிறுத்திப் பாலத்தை மறுபடி கட்டினார்கள். அதனால் குதிரைக் கயிறு தேய்த்த பள்ளங்கள் தூணின் இரு பக்கமும் இருக்கின்றன: ஒரு பக்கம் விபத்துக்கு முந்தியவை, மறுபக்கம் பிந்தியவை. விரலை வைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிவதைவிட ஆழம் அதிகம். தண்ணீரோடு மணலும் ஒட்டிய கயிறு, அரம் போல இரும்பை அறுத்திருக்கிறது.

கரையோரம் நீருக்குள் சரிவாக இறங்கும் கல்தளங்களையும் இந்தக் கால்வாயில் தேடுங்கள். ரயில் சத்தத்தில் மிரண்டு தண்ணீரில் விழுந்த குதிரைகளை அந்தச் சரிவு வழியாகத்தான் மேலே ஏற்றினார்கள்.

பூங்காவில் சாம்பல் நாரைகள் கூட்டமாகக் கூடு கட்டுவதால், கால்வாயோரம் அவை அசையாமல் நிற்பதைக் காணலாம். கருப்பு உடலும் வெள்ளை நெற்றியும் இருந்தால் நாமக்கோழி. சிவப்பு நெற்றியும் மஞ்சள் அலகு நுனியும் இருந்தால் தாழைக்கோழி. வசந்தத்தில் படகுகளுக்கு இடையில் குப்பையாகத் தெரிவது பெரும்பாலும் நாமக்கோழியின் கூடு. பிளாஸ்டிக்கையும் சேர்த்தே அது கட்டும். நெருங்கினால் முட்டையை விட்டு எழுந்துவிடும், எனவே நிற்காமல் கடந்துவிடுங்கள்.

மெய்டா ஹில் சுரங்கத்தில் நடைபாதை கிடையாது. அதற்கு முன்பே படியேறி அபர்டீன் பிளேஸ் வழியாக எட்ஜ்வேர் சாலையைக் கடந்து, புளோம்ஃபீல்டு சாலையோரமாக நடந்தால் லிட்டில் வெனிஸ். அந்த இடைவெளியில் படகுகள் கட்டியிருக்கும் கரை பொதுவழி அல்ல. திரும்புவதற்கு வார்விக் அவென்யூ ரயில் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது.