வேளாங்கண்ணித் திருப்பயணிகளுக்குத் தெருவார் தண்ணீர்ப் பந்தல் அமைக்கும் முறை

ஆவணி பிறந்து சில நாள்களில், காரைக்காலிலிருந்து நாகூர், நாகப்பட்டினம் வழியாகத் தெற்கே போகும் சாலை முழுவதும் காவி உடையாகிவிடும். ஆகஸ்ட் 29ஆம் தேதி வேளாங்கண்ணிப் பேராலயத்தில் கொடியேற்றம். செப்டம்பர் 7 மாலை பெரிய தேர்ப் பவனி. மறுநாள் 8ஆம் தேதி மாதாவின் பிறந்த நாள் பெருவிழா. சென்னையிலிருந்து புறப்பட்டுச் சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி கடந்து 300 கிலோமீட்டருக்கு மேல் நடந்தவர்கள் நாகப்பட்டினத்தில் நம் தெருமுனைக்கு வந்து சேரும்போது, இன்னும் 12 கிலோமீட்டர் அளவே மிச்சமிருக்கும். கால் கொப்புளங்கள் உடைவதும், கைக்குழந்தையோடு வந்த தாய் சாலையோரத்தில் உட்கார்ந்துவிடுவதும் பெரும்பாலும் அந்தக் கடைசித் தொலைவில்தான். அங்கே ஒரு தெருவார் சேர்ந்து பந்தல் அமைப்பது எப்படி என்பதை, பல ஆண்டுகள் செய்து பழகிய அளவில் இங்கே எழுதுகிறேன்.

வேளாங்கண்ணி மரபில் சொல்லப்படும் புதுமைகளுள், அதாவது அற்புதங்களுள், ஒன்று நம் ஊரோடு தொடர்புடையது. வேளாங்கண்ணியில் நடுத்திட்டு என்னும் மேட்டில் மோர் விற்ற கால் ஊனமுற்ற சிறுவனிடம், தம் குழந்தைக்கு மோர் கேட்டாராம் மாதா. வாங்கிக் குடித்த பின், நாகப்பட்டினத்தில் இருந்த ஒரு கிறிஸ்தவப் பெரியவரிடம் செய்தி சொல்ல அவனை அனுப்பினாராம். அவன் எழுந்து ஓடினானாம். அவன் ஓடி வந்த வழியில்தான் இன்று திருப்பயணிகள் எதிர்த்திசையில் நடக்கிறார்கள். அந்த வழியில் மோர் கொடுக்கும் வாய்ப்பு நமக்குக் கிடைத்திருப்பதை நான் சிறிய செயலாக எண்ணவில்லை.

முதலில் யாரிடம் பேசுவது

ஒரு வீட்டார் தனியே செய்தால் இரண்டாம் நாளே களைத்துப்போவார்கள். ஆகவே ஜூலை மாதத்திலேயே தெருக்கூட்டம் போட வேண்டும். பங்குக் கோயிலில் அன்பியம் எனப்படும் அக்கம்பக்கக் குடும்பக் குழுக்களின் பொறுப்பாளர்களிடமும், பள்ளிவாசலில் ஜமாஅத்தாரிடமும், அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் போன்ற மீனவர் ஊர்களாக இருந்தால் ஊர்த் தலைவர்களான நாட்டார், பஞ்சாயத்தாரிடமும் நேரில் சென்று பேசுங்கள். பணம் கேட்பதற்கு முன் ஆள் கேளுங்கள். ஒவ்வொரு சமூகத்தாரிடமும் ஒரு கைத்தேர்ச்சி இருக்கிறது: நோன்பு மாதம் முழுவதும் அண்டா அண்டாவாகக் கஞ்சி காய்ச்சி வழங்குபவர்களுக்கு அளவும் நேரமும் அத்துப்படி, நாகூர்க் கந்தூரியின்போது சந்தனக்கூடு நாகப்பட்டினத்திலிருந்து புறப்படும் இரவில் கண்விழித்துப் பழகிய தெருவாருக்கு நள்ளிரவுக் கூட்டத்தை ஒழுங்குபடுத்தத் தெரியும், பந்தல் நடுவதிலும் கயிறு கட்டுவதிலும் கடல் தொழில் செய்பவர்களை மிஞ்ச ஆளில்லை.

நாள் குறிக்கும்போது மற்ற விழாக்களையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆவணி மாத ஆயில்ய நட்சத்திரத்தில், மீனவராகப் பிறந்து நாயன்மாராகப் போற்றப்படும் அதிபத்தருக்காகப் பொன்மீனைக் கடலில் விடும் விழா நாகப்பட்டினத்தில் நடைபெறும். அன்று மீனவர் வீடுகளிலிருந்து ஆள் எதிர்பார்ப்பது முறையன்று. விநாயகர் சதுர்த்தி ஊர்வலமும் ஏறத்தாழ அதே வாரங்களில் வருவதால், அந்த நாளின் போக்குவரத்து மாற்றத்தைக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே கேட்டறிந்து பந்தலின் இடத்தை முடிவு செய்யுங்கள். பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் அனுமதி பெறவும், சமைத்த உணவு வழங்குவதானால் உணவுப் பாதுகாப்பு அலுவலரைப் பார்க்கவும் அதே வாரம் ஏற்றது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். தூங்க இடம் தேடி வருபவர்களுக்கு அது இரக்கமும் ஆகும்.

பந்தலின் இடமும் நேரமும்

பந்தல் திருப்பயணிகள் நடக்கும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீருக்காக யாரும் சாலையைக் குறுக்கே கடக்கும் நிலை வரக்கூடாது. வளைவிலோ பாலத்தின் இறக்கத்திலோ போடாமல், நேரான சாலையில், தாரிலிருந்து சில அடி உள்ளே தள்ளி, சவுக்குக் கம்பு நட்டுக் கீற்று வேயுங்கள். கீற்றின் அடியில் அடுப்பு வைக்கவே கூடாது. சமையல் தனி இடத்தில் நடக்கட்டும். மாலையில் திடீரென இடி மழை பெய்யும் காலமாதலால் மேலே தார்ப்பாய் கட்டிவிடுவது நல்லது. விளக்குக்கு மின்வாரியத்தில் தற்காலிக இணைப்புக் கேட்க வேண்டும். கம்பியில் கொக்கி போடும் பழக்கம், ஈரத் தரையில் வெறுங்காலுடன் நிற்கும் கூட்டத்தின் நடுவே, உயிருக்கே ஆபத்து.

நேரத்தைப் பற்றித்தான் நான் மிகவும் வற்புறுத்த விரும்புகிறேன். முதல் ஆண்டு நாங்கள் பகல் 11 மணிக்குப் பந்தலைத் திறந்து, சாம்பார் சாதம் சமைத்து, இரவு 9 மணிக்கு மூடினோம். சாதத்தில் பாதி மிஞ்சியது. விடிகாலை 3 மணிக்கு வாசல் கதவைத் தட்டித் தண்ணீர் கேட்ட ஒரு முதியவரைப் பார்த்த பிறகுதான், எங்கள் கணக்கு தவறென்று புரிந்தது. தார்ச்சாலை கொதிக்கும் பகலில் பெரும்பாலான குழுக்கள் ஏதாவதொரு பள்ளியிலோ மண்டபத்திலோ படுத்துவிடுகின்றன. நடப்பது மாலை 4 மணிக்கு மேலும், நள்ளிரவு கடந்து காலை 9 மணி வரையிலும்தான். பகலில் எல்லாப் பந்தல்களும் திறந்திருக்கின்றன. இரவு 12 மணியிலிருந்து 6 மணி வரை திறந்திருப்பவை மிகச் சில. உங்கள் தெருவால் ஒரு வேளை மட்டுமே முடியும் என்றால், அந்த ஆறு மணி நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிரண்டு மணி நேரமாகப் பிரித்து, ஒரு முறைக்கு நான்கு பேர், அவர்களில் ஒருவராவது பெண் என வைத்துக்கொண்டால் நடத்திவிடலாம். கொடியேற்றத்துக்கு முந்திய மூன்று நாள்களிலும், செப்டம்பர் 5 முதல் 7 வரையிலும் ஆள் கூடுதலாகத் தேவைப்படும்.

தண்ணீரும் மோரும்

ஒருவர் நின்றால் குறைந்தது இரண்டு டம்ளர் குடிப்பார். 200 மில்லிலிட்டர் டம்ளர் என்றால் ஆளுக்கு 400 மில்லிலிட்டர். ஆயிரம் பேருக்கு 400 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் இருபது. கடலோரக் கிணற்று நீரில் உப்பு ஏறியிருக்கும். அதை நம்ப வேண்டாம். நகராட்சிக் குழாய் நீரானால் காய்ச்சி ஆற வையுங்கள். அல்லது குளோரின் மாத்திரையை உறையில் குறித்த அளவுப்படி இட்டு, அரை மணி நேரம் கழித்து வழங்குங்கள். மண்பானையை ஈர மணல் மேல் வைத்து, துணியில் முடிந்த வெட்டிவேரை உள்ளே இட்டால் குளிர்ச்சி தானே வரும். மீன்பிடித் துறைமுகத்திற்கென்று வார்க்கும் பார் ஐஸ் எளிதில் கிடைக்கிறதே என்று அதைக் குடிநீரிலோ மோரிலோ ஒருபோதும் போடக்கூடாது. அது மீன் கெடாமலிருக்கச் செய்யப்படுவது, குடிப்பதற்கல்ல. பானைக்குள் கையோ டம்ளரோ நுழையாமல், நீண்ட காம்புள்ள அகப்பையால் ஒருவரே மொண்டு ஊற்ற வேண்டும். குழாய் வைத்த டிரம் இருந்தால் இன்னும் நல்லது.

மோருக்கு, ஒரு லிட்டர் தயிருக்கு நான்கு லிட்டர் தண்ணீர் என்பது எங்கள் அளவு. ஆயிரம் பேருக்கு ஒரு டம்ளர் வீதம் 40 லிட்டர் தயிரும், காய்ச்சி ஆறவைத்த 160 லிட்டர் தண்ணீரும் வேண்டும். இஞ்சி, கறிவேப்பிலை, கொத்தமல்லி, பெருங்காயம் சேர்க்கலாம். பச்சை மிளகாயைக் குறைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் வெறும் வயிற்றோடு வருபவர்கள் பலர். உப்பை மட்டும் குறைக்காதீர்கள். வியர்வையில் இழந்தது அதுதான். மொத்தத்தையும் ஒரே நேரத்தில் கடைந்து வைக்காமல் 20 லிட்டர் அளவாகக் கலக்கி, தீர்ந்த பிறகு அடுத்ததைக் கலக்குவதே புளிப்பேறாமல் காக்கும் வழி. மயங்கி உட்காருபவருக்கு மோரை விட உப்புச் சர்க்கரைக் கரைசல் ஏற்றது: ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, மட்டமாக அளந்து. பேச்சுக் குழறினாலோ, உடல் கொதித்தும் நினைவு தடுமாறினாலோ, அதைக் கொடுத்துக்கொண்டிராமல் உடனே 108ஐ அழைக்க வேண்டும்.

டம்ளர் எவர்சில்வராகவே இருக்கட்டும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தண்ணீர்ப் பாக்கெட்டும், நெகிழி பூசிய காகிதக் குவளையும் தடை செய்யப்பட்டுள்ளன. நம்மவர் பலர் அண்ணாந்து குடிப்பார்கள் என்றாலும் எல்லோரும் அப்படியில்லை. ஆகவே சோப்பு நீர் ஒரு தொட்டி, நல்ல தண்ணீர் ஒரு தொட்டி, வெந்நீர் ஒரு தொட்டி என மூன்று வைத்து, கழுவுவதற்கென்றே ஒருவரை அமர்த்துங்கள்.

உணவு கொடுக்கத்தான் வேண்டுமென்றால் எலுமிச்சைச் சாதமோ சுண்டலோ போதும். விரதம் இருந்து நடப்பவர்கள் பலர் என்பதால் மீன், இறைச்சி புழங்கிய பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவிய பின்னரே பயன்படுத்துங்கள்.

கால்களும் கழிப்பறையும்

ஒரு வாளி இளஞ்சூடான நீர், சுத்தமான பருத்தித் துணி, தேங்காய் எண்ணெய், ஒட்டுப் பட்டை ஆகியவற்றோடு ஒரு பெஞ்சுப் பலகை போடுங்கள். கொப்புளத்தை ஊசியால் குத்த வேண்டாம்; கழுவி, ஈரத்தை ஒற்றியெடுத்து, மெத்தென்று துணி வைத்துக் கட்டினால் போதும். நீரிழிவு உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். “வலிக்கிறதா?” என்று கேட்டால் இல்லை என்பார்கள், உள்ளங்காலை நாமே பார்த்துவிட வேண்டும். “ஐயா, காலைக் காட்டுங்கள்” என்று கேட்டவுடன் கூச்சப்பட்டு இழுத்துக்கொள்ளும் பெரியவர்களிடம், அவர்கள் வயதுக்குத் தகுந்தபடி அப்பா என்றோ அம்மா என்றோ அழைத்துப் பேசினால் நீட்டிவிடுவார்கள். இரவில் நடப்பவர்களின் பை மீதும், இழுத்து வரும் சப்பரத்தின் பின்புறத்திலும் ஒளிரும் பட்டை ஒட்டி அனுப்புங்கள்; நூறு ரூபாய்க்கும் குறைவான செலவில் ஓர் உயிரைக் காக்கக்கூடிய பொருள் அது.

பெண்கள் வெளியில் சொல்லாத துன்பம் கழிப்பறை. போகுமிடம் இல்லாததால் தண்ணீரே குடிக்காமல் நடக்கும் பெண்களை நான் கண்டிருக்கிறேன். தெருவில் நான்கைந்து வீட்டாராவது இரவு முழுவதும் தங்கள் கழிப்பறையைத் திறந்துவைக்க இசைய வேண்டும். பந்தலில் “பெண்களுக்குக் கழிப்பறை உண்டு” என்று பெரிய எழுத்தில் எழுதி, அழைத்துச் செல்ல ஒரு பெண்ணையும் அமர்த்துங்கள். மோரைக் காட்டிலும் இதற்கே அவர்கள் அதிகம் வாழ்த்திவிட்டுப் போகிறார்கள்.

கணக்கும் கலைப்பும்

வசூலான ஒவ்வொரு ரூபாயையும் ஒரே நோட்டில் எழுதி, வரவு செலவைப் பந்தலிலேயே ஒட்டிவிடுங்கள். கொடுத்தவர்களின் படம் போட்ட பதாகை வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அந்தப் பணத்தில் இன்னும் பத்து லிட்டர் தயிர் வாங்கலாம்.

செப்டம்பர் 8 மாலை கொடியிறக்கம் ஆகும் வரை பின்தங்கி வருபவர்கள் இருப்பார்கள். ஆகவே 7ஆம் தேதி இரவே பந்தலைப் பிரிக்காதீர்கள். பிரித்த பின் தெருவையும், சாலையின் இரு ஓரங்களையும் நூறடி தூரம் கூட்டி, ஆணிகளையும் கட்டுக்கம்பித் துண்டுகளையும் பொறுக்கிவிட்டு, கம்பு நட்ட குழிகளை மணல் கொட்டி மிதித்து மூடுங்கள். இன்னும் யாராவது அந்த வழியே வெறுங்காலோடு வந்துகொண்டிருக்கலாம்.