சிறுவர் அபுனைவு நூல்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கதையில் நரி பேசினால் எந்தக் குழந்தையும் அதை உண்மையென்று நம்பிவிடுவதில்லை. ஆனால், உண்மைத் தகவல்களைச் சொல்லும் அபுனைவு நூலில் அச்சாகும் ஒவ்வொரு வரியையும் எட்டு வயதுக் குழந்தை அப்படியே நம்பும், வகுப்பில் எழுந்து நின்று சொல்லவும் செய்யும். ஆகவே, ‘சிறுபிள்ளைகளுக்குத்தானே, இவ்வளவு போதும்’ என்ற எண்ணத்தையே முதல் தவறாகக் கருதுகிறேன்.

பினாங்கின் டுரியான் தோட்டங்களைப் பற்றி நான் எழுதிய கைப்பிரதியில், ‘வௌவால்கள் பூக்களைத் தின்று விளைச்சலைக் கெடுக்கின்றன’ என்றொரு வரி இருந்தது. சிறுவயதில் காதில் விழுந்ததை ஆராயாமல் எழுதிவிட்டேன். படித்துப் பார்த்த உயிரியல் ஆசிரியை ஒருவர் அவ்வரியைச் சிவப்பு மையால் கோடிட்டு அனுப்பினார். டுரியான் பூ மாலையில் மலர்ந்து மறுநாள் காலைக்குள் இதழ்களை உதிர்த்துவிடும். அந்த ஒரே இரவில் தேன் குடிக்க வரும் வௌவால்களின் உடலில் ஒட்டிக்கொள்ளும் மகரந்தம் அடுத்த மரத்துப் பூவைச் சேர்வதால்தான் பெருமளவில் காய் பிடிக்கிறது. நூல் அப்படியே வெளிவந்திருந்தால், பாலேக் பூலாவில் தாத்தாவின் தோட்டத்துக்குப் போகும் பிள்ளை, காக்க வேண்டிய உயிரைக் கல்லால் அடித்திருக்கும். இணையத்தில் இரண்டு பக்கங்கள் ஒரே செய்தியைச் சொல்வது சரிபார்ப்பாகாது. ஒன்றைப் பார்த்தே மற்றொன்று எழுதப்பட்டிருக்கலாம். துறை அறிந்த ஒருவரின் கண் படாமல் கைப்பிரதி அச்சுக்குப் போகக்கூடாது.

தமிழக நூல்களைத் துணைக்கொண்டு எழுதுவோர் அம்மண்ணின் பருவங்களையும் சேர்த்தே கொண்டுவந்துவிடுகிறார்கள். இளவேனில், முதுவேனில் என்று அடுக்கும் பக்கம், நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசும் இந்த மலேசியத் தீபகற்பத்துக் குழந்தைக்குத் தன் வீட்டு வாசலில் பெய்யும் மழையை விளக்காது. அதுபோலவே, வௌவாலின் கெலாவார் என்ற மலாய்ப் பெயரையும் அறிந்த பிள்ளைகளுக்கு, கடைசிப் பக்கச் சொற்பட்டியலில் அப்பெயரையும் தருவது தமிழுக்குக் குறைவாகாது.

எண்களை வெறுமனே தருவதும் பயனற்றது. பினாங்கின் கொடிமலையின் உயரம் 833 மீட்டர் என்றால் குழந்தைக்கு எதுவும் தோன்றாது. 452 மீட்டர் உயரமுள்ள கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தில் ஒன்றின்மேல் மற்றொன்றை நிறுத்தினால்தான் மலையைத் தாண்டும் என்றால், உடனே அண்ணாந்து பார்க்கும்.

பதிப்பில் நான் அதிகம் அஞ்சுவது எழுத்துச் சிதைவை. பக்கம் வடிவமைப்பவர் தமிழ் அறியாதவராக இருந்து, மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பையும் தேர்ந்தெடுக்காவிட்டால், ‘கொ’வின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், திரையில் அவர் கண்ணுக்கு அது தவறாகவே படாது. அச்சுக்குப் போகும் இறுதிக் கோப்பைத் தாளில் எடுத்து, தமிழ் தெரிந்தவர் வரிவரியாகப் படித்தாக வேண்டும். இணையத்தில் கிடைத்த படங்களை உரிமையாளரின் அனுமதியின்றிச் சேர்ப்பது சட்டப்படியே குற்றம். நடுவில் கம்பி அடிக்கும் நூலுக்குப் பக்கங்கள் நான்கின் மடங்காக அமைய வேண்டும். 30 பக்கம் எழுதியவர் இரண்டு பக்கங்களை வெற்றாக விட நேரும். கோலாலம்பூரிலுள்ள தேசிய நூலகத்தில் நூலின் பன்னாட்டு அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னை அச்சுக்கு முன்பே பெற்றுவிட வேண்டும். 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி, நூல் வெளிவந்த ஒரு மாதத்துக்குள் அங்கே ஒப்படைக்க வேண்டிய 5 படிகளையும் அச்சிடும் எண்ணிக்கையிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.