பேண்டேஜ் அப்டேட்டுக்குப் பிறகு படம் மாறியதா?

"அக்கா, பேண்டேஜை அப்டேட் பண்ணதுல என் ஜீனோமே மாறிப்போச்சு!" குலசேகரத்திலிருந்து நாகர்கோவிலுக்குப் படிக்க வரும் மாணவி பதறிப்போய் லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். வீட்டுத் தோட்டத்து மட்டி வாழையின் குளோரோபிளாஸ்ட்டில் (செல்லுக்குள் ஒளிச்சேர்க்கை நடக்கும் பகுதி) உள்ள ஜீனோமை, அதாவது அதன் முழு டிஎன்ஏவை, அசெம்பிள் செய்திருந்தாள்: துண்டு துண்டாகப் படித்ததைக் கணினியில் ஒட்டியிருந்தாள். அந்த ஒட்டலைப் படமாகக் காட்டும் மென்பொருள்தான் பேண்டேஜ். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம்ம ஊர் மட்டிதான். நேற்று வலப்பக்கம் இருந்த பெரிய வளையம் இன்று இடப்பக்கம் கிடந்தது. பச்சையாக இருந்தது ஊதாவாகிவிட்டது.

ஜீனோமில் எதுவும் மாறவில்லை. பேண்டேஜ் ஒவ்வொரு முறையும் கிராஃபை, அதாவது துண்டுகள் எப்படி இணைகின்றன என்ற வலையை, புதிதாக அடுக்கி வரைகிறது. நிறத்தையும் நாம் வேறு மாதிரி கேட்காவிட்டால் ஏதோ ஒன்றாகப் போட்டுவிடும். பழைய பதிப்பிலேயே மறுபடி வரையச் சொல்லியிருந்தாலும் படம் இப்படி மாறி வந்திருக்கலாம். படத்தின் சாயலை வைத்து இரண்டு பதிப்புகளை ஒப்பிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. நோடுகள் (டிஎன்ஏ துண்டுகள்) எத்தனை, எட்ஜுகள் (அவற்றுக்கு இடையிலான இணைப்புகள்) எத்தனை, மொத்த நீளம் எவ்வளவு என்று அப்டேட்டுக்கு முன்பே குறித்து வையுங்கள். ஒப்பிட வேண்டியவை அவைதான்.

அவளுக்கு இன்னொரு சந்தேகமும் இருந்தது. மூன்று நோடுகளின் நீளத்தை டிஎன்ஏ எழுத்துக் கணக்கில் நோட்டில் எழுதிக் கூட்டியிருந்தாள்: சுமார் 88,000, 35,000, 11,000. மொத்தம் 1,34,000. வாழைக்கோ ஏறக்குறைய 1,70,000 வர வேண்டும். மீதியை அப்டேட் தின்றுவிட்டதா? இல்லை. குளோரோபிளாஸ்ட்டில் ஒரே பகுதி எதிரெதிர்த் திசையில் இரண்டு முறை வருகிறது. துண்டுகளை ஒட்டும் மென்பொருளான அசெம்பிளர் இரண்டையும் ஒரே நோடாக மடக்கிவிடும். அதனால்தான் நடுவில் ஒரு தண்டும் இருபுறம் இரண்டு வளையமுமாகப் படம் தெரிகிறது. அந்தத் தண்டின் டெப்த்தை, அதாவது அந்தப் பகுதி சராசரியாக எத்தனை முறை படிக்கப்பட்டிருக்கிறது என்பதை, பார்க்கச் சொன்னேன். வளையங்களைப் போல இரு மடங்கு இருந்தது. 35,000ஐ இரண்டு முறை கூட்டியதும் கணக்கு சரியாக வந்தது. டெப்த்தைப் பார்க்காமல் நீளத்தை மட்டும் கூட்டாதீர்கள்.

சிலர் ஸ்பேட்ஸ் என்ற அசெம்பிளர் தரும் கான்டிக் ஃபாஸ்டா கோப்பை (ஒட்டிய துண்டுகளின் பட்டியல்) திறந்துவிட்டு, "எல்லாம் துண்டு துண்டா இருக்கு, புது பதிப்பு சரியில்லை" என்பார்கள். அந்தக் கோப்பில் எது எதோடு சேர்கிறது என்ற விவரமே கிடையாது. இணைப்புகளும் சேர்ந்திருக்கும் ஜிஎஃப்ஏ கோப்பைத் திறங்கள்.

பிளாஸ்ட் தேடல் (ஒரு டிஎன்ஏ வரிசை கிராஃபில் எங்கே இருக்கிறது என்று தேடுவது) வேலை செய்யவில்லையென்றால், பிளாஸ்ட் உங்கள் கணினியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது தனியாக நிறுவ வேண்டிய மென்பொருள்.

அப்புறம், ஆய்வேடு முடியும்வரை பழைய பதிப்பை அழிக்காதீர்கள். புதியதைத் தனி ஃபோல்டரில் வைத்தால் போதும். ரையன் விக்கும் குழுவும் 2015இல் அறிமுகப்படுத்திய பேண்டேஜ் ஒன்று. அதிலிருந்து கிளைத்த பேண்டேஜ் என்ஜி வேறொன்று. வெறுமனே 'பேண்டேஜ்' என்று எழுதினால் எதுவென்று யாருக்கும் தெரியாது. பெயரையும் பதிப்பு எண்ணையும் சேர்த்தே எழுதுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் எண்கள் ஒத்துவராவிட்டால், அது உண்மையான பிழையாக இருக்கலாம். மென்பொருளைப் பராமரிப்பவர்களுக்குத் தெரிவியுங்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. அந்தப் பிழையை அவர்கள் கணினியிலும் காட்டக்கூடிய சின்ன ஜிஎஃப்ஏ கோப்பு ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள்.