காலையிலேயே அருவியில் இறங்குகிறவர்களுக்கு

போன வாரம் வத்தலக்குண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, கொடைக்கானல் மலைக்குக் கிளம்பிய ஒரு கும்பலைப் பார்த்தேன். ஏழு பேர், ஏழு பேரும் ஜீன்ஸ். ஒருவன் அன்றைய திட்டத்தைச் சத்தமாகப் படித்தான்: அருவிக் குளியல், டிரெக்கிங், ஜீப், போட்டிங். பதினோரு வருஷத்துக்கு முன்னால் நான் போட்ட அதே வரிசை. சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் வேன் நகர்ந்துவிட்டது. சரி, இங்கே எழுதுகிறேன். டார்ச், மாத்திரை, பிஸ்கட் எல்லாம் உங்கள் அம்மாவே சொல்லியிருப்பார், அதை விட்டுவிடுகிறேன்.

குளியலை முதலில் வைப்பது

இன்னும் எரிச்சல் வருவது இதற்குத்தான். தாண்டிக்குடிப் பக்கம் ஒரு காட்டோடை, காலை எட்டு மணி, ஐந்து பேரும் போட்ட துணியோடு இறங்கி ஒரு மணி நேரம் ஆட்டம். அப்புறம் அப்படியே மேட்டில் நடை. வெயில் வந்தால் காய்ந்துவிடும் என்று கணக்கு, ஆனால் வந்தது மஞ்சு. நனைந்த ஜீன்ஸ் காலில் கல் கட்டியதுபோல இழுத்தது, தொடை உராய்ந்து தோல் உரிந்தது, அதையெல்லாம்கூடச் சிரித்துக்கொண்டே தாங்கினோம். பாதி வழியில் மாமா பையன் பேச்சை நிறுத்திவிட்டான். பையைத் திறக்கச் சொன்னால் ஜிப்பைப் பிடிக்க விரல் மடங்கவில்லை, உதடு நாவல்பழம் தின்றதுபோல இருந்தது. பையில் நனையாமல் இருந்த என் சட்டையை அவனுக்கு மாட்டிவிட்டு, எல்லோரும் திரும்பினோம். முன்பணம் கொடுத்திருந்த ஜீப் போச்சு, போட்டிங் போச்சு, மூன்று நாள் காய்ச்சல் மட்டும் மிச்சம்.

பருத்தித் துணி தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். அது காயக் காய உடம்புச் சூட்டை எடுத்துக்கொண்டே போகும், காற்றும் அடித்தால் கேட்கவே வேண்டாம். அதோடு ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமாராக 6 டிகிரி குறையும். வத்தலக்குண்டில் வியர்த்து ஊற்றுகிறது என்று பனியனோடு கிளம்பினால், 2,100 மீட்டரில் இருக்கும் கொடைக்கானலில் பல் தந்தியடிக்கும்.

அப்படியானால் குளியலைக் கடைசியில் வைக்கலாமே என்பீர்கள். அதையும் செய்து பார்த்தேன். ஏப்ரல், மே கோடைமழையும் சரி, ஐப்பசி மழையும் சரி, பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல்தான் பிடிக்கும். மேலே எங்கோ பெய்யும், நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு தூறல்கூட இருக்காது, ஆனால் ஓடை ஏறும். தெளிந்த தண்ணீர் டீ நிறத்துக்கு மாறி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால் செருப்பைத் தேடாதீர்கள், உடனே கரையேறுங்கள். நடையை விடிந்ததும் தொடங்கி முடித்துவிடுங்கள். பதினொரு மணிக்குக் குளியல், முழு மாற்றுத்துணி, சூடாகச் சாப்பாடு. அதற்குமேல் ஜீப், படகு மாதிரி உட்கார்ந்தே செய்கிற வேலை மட்டும்.

அட்டையைப் பிய்ப்பது

மழை மாதங்களில் சோலைக்குள் போனால் அட்டை ஏறும், அதில் பேரம் கிடையாது. பிடித்து இழுத்தால் கடிவாய் பெரிதாகும். உப்பை ஒரு துணியில் கிழியாகக் கட்டி, நனைத்து, அதன்மேல் ஒற்றினால் தானாக விழும். அப்புறமும் ரத்தம் கசியும், பதற வேண்டாம், உறையாமல் இருக்க அதன் எச்சிலில் ஒரு பொருள் இருக்கிறது. பேன்ட் நுனியைச் சாக்ஸுக்குள் செருகிவிடுங்கள், அழகு பார்க்க வேண்டாம்.

புது ஷூ

வேண்டவே வேண்டாம்.

காட்டுமாட்டோடு செல்ஃபி

சாலையோரம் பசுமாடு மாதிரி சாதுவாக மேயும். கொடைக்கானல் ஊருக்குள்ளேயே வருவதால் பயம் விட்டுப்போகிறது, அதுதான் ஆபத்து. தலையைத் தாழ்த்திச் சீறினால் நேரம் முடிந்தது என்று அர்த்தம். கன்று இருந்தால் அந்த வழியையே விட்டுவிடுங்கள்.

பாஸ்

கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்துவிட்டது. பேரிஜம் ஏரிக்கு வனத்துறை அனுமதி தனி. சோதனைச்சாவடியில் நின்று சிக்னல் தேடாதீர்கள்.

காளான்

யாராவது போதைக் காளான் வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம்.