மறுபடி ஓட்டினால் பச்சையாகிவிடும்: தானியங்கிச் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்டையார்பேட்டையில் என் வீட்டு மாடிக்குச் சனிக்கிழமைதோறும் நான்கைந்து பிள்ளைகள் லேப்டாப்போடு வருகிறார்கள். இணையச் செயலி எழுதத் தெரிந்தவர்கள். தானியங்கிச் சோதனைதான், அதாவது செயலி சரியாக வேலை செய்கிறதா என்று தானே ஓடிப் பார்க்கும் நிரல்தான், அவர்களுக்குப் புதிது. தேறினால் பச்சை, தோற்றால் சிவப்பு காட்டும். போன வாரம் ஒரு பெண், சிவப்பாக நின்ற சோதனையைத் திறந்துகூடப் பார்க்காமல் மறுபடி ஓட்டினாள். பச்சை வந்ததும் அடுத்த வேலைக்குப் போய்விட்டாள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அதே காரியத்தை நானும் செய்திருக்கிறேன். அதற்கு விலை கொடுத்தவர் வேறொருவர்.

சோதனைக்குப் பெயர் வைப்பது, கோப்புகளை அடுக்குவது எல்லாம் எந்தப் பாடத்திலும் கிடைக்கும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

காரணம் தெரியாமல் மறுபடி ஓட்டுவது

காசிமேட்டில் ஒரு மீன் ஏலக்காரருக்குக் கடன் கணக்குச் செயலி எழுதிக் கொடுத்தோம். ஏலம் விடியலுக்கு முன்பே தொடங்கிவிடும். தெருவில் கூடை வைத்து விற்கும் பெண்கள் மீனைக் கடனுக்கு எடுத்துப்போய், விற்ற பிறகு மாலையில் பணம் கட்டுவார்கள். நேற்றைய பாக்கி நின்றால் இன்று கடன் கிடையாது.

மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாட்களுக்குள், வேலையை முடித்தோம். ரசீதில் அன்றைய தேதி விழுகிறதா என்று பார்க்க ஒரு சோதனை இருந்தது. பகலில் எப்போதும் பச்சை. நள்ளிரவுக்கு மேல் வேலை செய்யும் தம்பிக்கு மட்டும் சிவப்பு. "காலையில் ஓட்டினால் சரியாகிவிடும் அண்ணா" என்றான். காலையில் சரியாகத்தான் இருந்தது. இணைய இணைப்பு மெதுவாக இருந்திருக்கும் என்று நானே முடிவுகட்டினேன்.

தடை முடிந்து விசைப்படகுகள் கரை திரும்பிய முதல் வாரம். விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு கூடை சங்கரா எடுத்த அக்கா, ஆறு மணிக்கு இரண்டாவது கூடைக்கு வந்தார். திரையில் 'நேற்றைய பாக்கி உள்ளது' என்று வந்து நின்றது. "நேற்று நான் இந்தப் பக்கமே வரவில்லையே" என்று ஈரக் கையில் ஒட்டிக்கிடந்த ரசீதைப் பிரித்துக் காட்டினார். அதில் முந்தைய நாள் தேதி. ஏலம் யாருக்காகவும் நிற்காது. அவருக்கு வரவேண்டிய மீன் வேறு கைக்குப் போனது.

நடந்தது இதுதான். ஜாவாஸ்கிரிப்ட்டில் தேதியை ஐஎஸ்ஓ என்ற பொதுத்தர வடிவ எழுத்தாக மாற்றும் கட்டளை எப்போதும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தையே தரும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ஆகவே நள்ளிரவு 12 முதல் 5.30 வரை நம் செயலிக்கு அது இன்னும் நேற்று. எங்கள் சோதனை அந்தத் தேதியை லேப்டாப்பின் உள்ளூர் தேதியோடு ஒப்பிட்டதால், அந்த நேரத்தில் மட்டும் சிவப்பானது. யூடிசியில் ஓடிய சோதனைச் சர்வரில் இரண்டு தேதியும் ஒன்றாகிவிட, அங்கே ஒருநாளும் சிவப்பு வரவில்லை. அந்தத் தம்பியின் சோதனை வாரக்கணக்கில் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. கேட்காதவன் நான்.

இதை இன்றும் பார்க்கிறேன், எரிச்சல் அடங்கவில்லை. உலாவியில் சோதனை ஓட்டும் கருவியான பிளேரைட்டில், தோற்ற சோதனையைத் தானே மறுபடி ஓட்டும் மறுமுயற்சியை மூன்று என்று வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். மறுமுயற்சியில் தேறிய சோதனைகளை அது தனியாகப் பட்டியலிட்டுக் காட்டுகிறது; அதை யார் படிக்கிறார்கள்? மறுமுயற்சி வைப்பதானால், முதல் தோல்வியின் தடயத்தை (என்ன நடந்தது என்ற பதிவை) சேமிக்கும்படி வைத்து, அதைத் திறந்து பாருங்கள்.

ஒரு சோதனை அவ்வப்போது விழுந்தால் முதலில் மணி எத்தனை, எந்தக் கணினி, அதற்கு முன்னும் கூடவும் ஓடியவை எவை என்று குறித்துக்கொள்ளுங்கள். தனியாக ஓட்டுங்கள். பிறகு எல்லாவற்றோடும் சேர்த்து ஐம்பது முறை ஓட்டுங்கள். தேதி சம்பந்தப்பட்டதென்றால் நேர மண்டலத்தைக் கொல்கத்தா (இந்திய நேரத்துக்குக் கணினியில் உள்ள பெயர்) என்று அமைத்து, கடிகாரத்தை நிறுத்திவைத்துச் சோதியுங்கள். ஜெஸ்ட் என்ற சோதனைக் கருவியிலும் பிளேரைட்டிலும் அதற்கு வழி இருக்கிறது. இரவு 11.59, 12.01, காலை 5.29, 5.31 ஆகிய நான்கையும் நான் இப்போது விடுவதில்லை.

'மூன்று விநாடி காத்திரு'

சோதனையில் இப்படி எழுத வேண்டாம். பொத்தான் தெரியும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள்.

ஒருமுறைகூடத் தோற்றுப் பார்க்காத சோதனை

செயலியின் நிரலை வேண்டுமென்றே ஒருமுறை கெடுத்துப் பாருங்கள். அப்போதும் பச்சை என்றால் அந்தச் சோதனையை அழித்துவிடுங்கள்.

ஆங்கிலப் பெயர்களை மட்டும் கொடுத்துச் சோதிப்பது

'கோமதி' என்பதன் முதல் எழுத்தை, கணினி எழுத்துகளுக்கான குறியீட்டு முறையான யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஓகாரக் குறியை ஒரே குறியீடாக, அல்லது ஏகாரக் குறியும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. தேடினால் ஆள் கிடைக்கமாட்டார். சேமிக்கும் முன் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருகிறீர்களா என்று ஒரு சோதனை எழுதுங்கள். 'கடைசிப் பெயர் கட்டாயம்' என்ற பெட்டியையும் தலைப்பெழுத்து மட்டுமே உள்ள ஒருவரை வைத்துச் சோதியுங்கள். நம் வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் அப்படித்தான்.

இரண்டு சோதனைக்கு ஒரே பயனர்

போன வாரம் மறுபடி ஓட்டிய அந்தப் பெண்ணை அவள் சோதனையைத் திறக்கவைத்தேன். அவளுடைய சோதனைக் கோப்புகள் இரண்டும் ஒரே கைபேசி எண்ணில் நுழைந்தன. பிளேரைட் கோப்புகளை ஒரே நேரத்தில் இணையாக ஓட்டும். ஒன்று வெளியேறும்போது சர்வர் அந்தப் பயனரின் எல்லா நுழைவுகளையும் முடித்துவிட, மற்றது நடுவழியில் நின்றது. எது முந்துகிறது என்பதைப் பொறுத்துச் சிவப்பு, பச்சை. கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. ஒவ்வொரு சோதனையும் தனக்கென்று ஒரு பயனரை உருவாக்கிக்கொள்ளும்படி மாற்றி எழுதினாள். கீழே சாப்பிடக் கூப்பிட்டபோதும் இறங்கவில்லை. ஐம்பது முறை ஓடி முடியும்வரை திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.