கடையில் உணவுப் பொருளைப் பறிமுதல் செய்ய வந்தால் என்ன செய்வது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் புதிதாக ஒரு சின்ன மளிகைக் கடை போட்டிருக்கிறீர்களா? நகராட்சிச் சுகாதார ஆய்வாளர் என்றைக்காவது வந்து நிற்பார். பதறாமல் இப்படிச் செய்யுங்கள்.

1. அவருடைய அதிகாரச் சான்றைக் கேட்டுப் பாருங்கள். 1972ஆம் ஆண்டின் 54ஆம் எண் உணவுச் சட்டப்படி அவர் உள்ளே வரலாம், மாதிரி எடுக்கலாம், பறிமுதலும் செய்யலாம். கேட்டால் சான்றைக் காட்டியாக வேண்டும். மரியாதையாகவே கேளுங்கள்.

2. கடைக்கான தகுதிச் சான்றிதழ் கண்ணில் படும்படி மாட்டியிருக்கட்டும். முன்பு கடை நடத்தியவர் பெயரில் உள்ளது உங்களுக்குச் செல்லாது.

3. எடுத்துச் செல்லும் ஒவ்வொரு பொருளையும் எழுதி வாங்குங்கள். இதில்தான் நான் அடிபட்டேன். பூஞ்சை பிடித்துக் கட்டிகட்டியாகிப் போன 12 பாக்கெட் மிளகாய்த்தூளை எடுத்துப் போனார்கள். சீட்டில் "மசாலா, ஒரு பெட்டி" என்று மட்டும் இருந்தது, நானும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். சரக்குக் கொடுத்தவர், "இது என்னுடையது என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டுப் பணம் தர மறுத்துவிட்டார். பொருளின் பெயர், எடை, பேட்ச் எண், தேதி நான்கும் சீட்டில் வேண்டும். போட்டோவும் எடுத்து வையுங்கள்.

4. முத்திரை வைத்து உங்களிடமே விட்டுப் போனால், அந்தப் பெட்டியை நகர்த்தக்கூட வேண்டாம்.

5. எடுத்துப் போனது போலோனி (துண்டு போட்டுச் சாப்பிடும் பதப்படுத்திய இறைச்சி) போன்றது என்றால், அது போன பிறகும் வேலை இருக்கிறது. லிஸ்டீரியா கிருமி ஃபிரிட்ஜ் குளிரிலும் வளரும். வெட்டும் இயந்திரத்தைக் கழற்றி, பிளேடுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் கொழுப்பைச் சுரண்டி, சோப்பு நீரில் கழுவி, அப்புறம் கிருமிநாசினி போட்டுத் துடையுங்கள். ஃபிரிட்ஜ் தட்டுகளுக்கும் அப்படியே. 2018 மார்ச் 4 அன்று அப்போதைய சுகாதார அமைச்சர் ஆரோன் மோட்சோலெடி போலோனியைச் சாப்பிட வேண்டாம் என்று நாட்டுக்கே சொன்னது நினைவிருக்கும். அப்போது பரவிய லிஸ்டீரியா நோயில் 200 பேருக்கு மேல் இறந்தார்கள். பலர் பச்சிளம் குழந்தைகள். போன சரக்கை நினைத்து வயிறு எரியும்போது எனக்கு அந்தக் குழந்தைகள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள்.

6. பறிமுதலான அதே பேட்ச் ஏற்கெனவே யாருக்காவது விற்றிருக்கிறதா என்று பில் புத்தகத்தைப் பாருங்கள். அன்றைக்கே வாட்ஸ்அப்பில் சொல்லி, பாக்கெட்டைத் திரும்ப வாங்கிப் பணத்தைக் கொடுங்கள். மிளகாய்த்தூள் விஷயத்தில் நான் ஒன்பது வீட்டுக்குப் போனேன். ஒரு பாட்டி அந்தத் தூளில் மாங்காய் ஊறுகாயே போட்டு முடித்திருந்தார். ஜாடியோடு வாங்கி வந்து கொட்டினேன்.